வாசகர் கேள்விகள்: வேரில் முடிச்சுப் போடும் புழு

கேள்வி: வாடிப்போன தக்காளிச் செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் முழுக்க மணி மணியாக வீங்கிக் கிடக்கிறது. பயறுச் செடியின் வேரில் தழைச்சத்து சேர்க்கும் முடிச்சு இருக்குமே, அதுதானா இது? அப்படியென்றால் செடி ஏன் வாடியது?

அது இல்லை. பயறு வேரில் இருக்கும் முடிச்சு ஓரத்தில் ஒட்டவைத்த மாதிரி இருக்கும், விரலால் நெருடினால் உதிர்ந்துவிடும், நல்ல முடிச்சை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும். நீங்கள் பார்த்தது வேரே வீங்கியது. பிய்த்தால் வேரும் சேர்ந்துதான் வரும். தக்காளிக்குத் தழைச்சத்து முடிச்சு போடும் வழக்கமே கிடையாது. உங்கள் செடியில் குடியேறியிருப்பது வேர்முடிச்சு நூற்புழு. 1855-லேயே இங்கிலாந்தில் மைல்ஸ் பெர்க்லி என்பவர் கண்ணாடிக் குடிலில் வளர்ந்த வெள்ளரியின் வேரில் இந்த வீக்கத்தைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். மண்ணிலிருந்து வேருக்குள் நுழையும் குஞ்சுப் புழுவின் நீளம் அரை மில்லிமீட்டர்கூட வராது, வெறுங்கண்ணால் தேடிப் பயனில்லை. வேர் வீங்கினால் தண்ணீர் மேலே ஏறும் பாதை கெட்டுப்போகும். அதனால்தான் மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடுகிறது.

கேள்வி: ஒரு புழு கடித்ததற்கு வேர் எதற்காக வீங்க வேண்டும்? செடியின் மரபணுவையே அது மாற்றிவிடுகிறதா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். மரபணுவின் எழுத்துகள் மாறுவதில்லை. எந்த மரபணு வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது என்பதுதான் மாறுகிறது. வீட்டில் இருக்கும் அதே சுவிட்சுகளை வேறொருவர் வந்து தன் வசதிக்குப் போட்டு அணைக்கிற மாதிரி.

புழுவின் வாயில் ஊசி போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. வேரின் நுனிப் பக்கமாக நுழைந்து, செல்களுக்கு இடையிலேயே நகர்ந்து, சத்தும் நீரும் ஓடும் குழாய்கள் உருவாகும் இடத்துக்குப் போய்ச் சேரும். அங்கே ஐந்தாறு செல்களைத் தேர்ந்தெடுத்து ஊசியால் குத்தித் தன் சுரப்பிகளில் ஊறிய புரதங்களை இறக்கிவிடும். அதற்குப் பிறகு அந்தச் செல்கள் இயல்பாக இருப்பதில்லை. உட்கரு பிரிந்துகொண்டே போகும், ஆனால் நடுவில் சுவர் எழும்பாது. இப்படியே ஒரே செல்லுக்குள் நூறு உட்கருக்கள் வரை சேர்ந்து அது ராட்சதச் செல்லாகிவிடும். செடி இலையில் சமைத்த சர்க்கரையெல்லாம் அங்கே வந்து கொட்டும், புழு நகராமல் உட்கார்ந்து உறிஞ்சும். உட்கார்ந்த பெண் புழு பேரிக்காய் வடிவத்துக்கு உப்பி, நூற்றுக்கணக்கில் முட்டையிடும். சுற்றியுள்ள செல்களும் தாறுமாறாகப் பெருகுவதால் வெளியே நமக்கு முடிச்சாகத் தெரிகிறது.

அராபிடாப்சிஸ் என்று கடுகுக் குடும்பத்துச் சிறுசெடி ஒன்று இருக்கிறது, ஆய்வகங்களின் செல்லப்பிள்ளை. 2005-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் அதன் சுமார் 22,000 மரபணுக்களைப் பார்த்தபோது, முடிச்சு விழுந்த வேரில் 3,000-க்கும் மேற்பட்டவற்றின் வேலை கூடியோ குறைந்தோ போயிருந்தது. செல்சுவரை நெகிழ்த்துவது, செல்லைப் பிரிப்பது, சத்தைக் கடத்துவது போன்ற வேலைகளுக்கான மரபணுக்கள் பல முடுக்கிவிடப்படுகின்றன. எதிரி வந்தால் சண்டைக்குப் போக வேண்டிய மரபணுக்கள் பலவும் அடக்கி வைக்கப்படுகின்றன. செடியைக் கொன்றால் புழுவுக்கு நஷ்டம், அதனால் கொல்லாமல் சமைக்க வைக்கிறது. என்னைக் கேட்டால் இலையைக் கடித்துத் தின்னும் கம்பளிப்புழுவெல்லாம் இதற்கு முன்னால் வெறும் முரடன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செல்சுவரைக் கரைக்கும் நொதிகள் சில இந்தப் புழுக்களிடம் இருக்கின்றன. அவற்றுக்கான மரபணுக்கள் எப்போதோ பாக்டீரியாவிடமிருந்து வந்து சேர்ந்தவை என்பதற்குத் தடயங்கள் உண்டு. வழிப்பறிக்குக் கருவியையும் பக்கத்து வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது!

கேள்வி: நூற்புழு எதிர்ப்பு ரகம் என்று சொல்லி விற்ற தக்காளி விதையை வாங்கி நட்டேன். வெயில் காலத்தில் வேரைப் பார்த்தால் அதிலும் முடிச்சு. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றியிருக்கலாம், ஆனால் அதற்கு முன் மண்ணின் சூட்டை யோசியுங்கள். இன்றைய எதிர்ப்பு ரகத் தக்காளிகளில் பெரும்பாலும் இருப்பது மி-1 என்ற ஒரே மரபணு. அது நாம் சாப்பிடும் தக்காளியுடையது இல்லை, பெருவியானம் என்ற காட்டு இனத்திலிருந்து வந்தது. 1940-களில் இரண்டையும் கலந்தபோது விதை முற்றவே இல்லை; கருவை மட்டும் தனியே எடுத்து ஊட்டம் கொடுத்து வளர்த்துத்தான் ஒரு கலப்புச் செடியைக் காப்பாற்ற முடிந்தது. அந்த ஒற்றைச் செடியின் வாரிசாகத்தான் மி-1 தக்காளி ரகங்களுக்குள் பரவியது. 1998-ல் அந்த மரபணுவையே பிரித்தெடுத்துப் படித்தார்கள்.

அது வேலை செய்யும் விதம் இதுதான். மி-1 காவல்காரன் மாதிரி ஒரு புரதத்தைச் செய்கிறது. புழு உணவுக்கு இடம் பிடிக்கப் பார்க்கும்போது இந்தக் காவல் விழித்துக்கொண்டால், புழுவின் தலையைச் சுற்றியுள்ள செல்கள் ஒரு நாளுக்குள் தாமாகவே செத்துவிடும். ராட்சதச் செல் இல்லை என்றால் சோறு இல்லை, அந்தப் புழு வளர முடியாது. வேரில் நாலு செல்லைப் பலிகொடுத்துச் செடி பிழைத்துக்கொள்கிறது. இதே மரபணு சில அசுவினிகளையும் வெள்ளை ஈயையும்கூடத் தடுக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், மண்ணின் வெப்பம் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மி-1 சோர்ந்துவிடுகிறது. வெயில் காலத்தில் நட்டிருக்கிறீர்கள், அதனால் எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான். இரண்டாவது காரணமும் இருக்கலாம்: வேர்முடிச்சுப் புழுக்களில் எல்லா இனத்தையும் மி-1 தடுக்காது. ஹேப்லா, என்டரோலோபி இனங்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. மூன்றாவது, முன்பு அடங்கிய இனத்திலேயே மி-1-ஐத் தாண்டப் பழகிய கூட்டங்கள் உருவாகின்றன. வேடிக்கை என்னவென்றால், அதிகம் காணப்படும் இன்காக்னிட்டா இனத்தில் ஆண் துணை இல்லாமலேயே பெண் முட்டையிடும், கலப்பே கிடையாது. அப்படியிருந்தும் எப்படியோ மாறிக்கொள்கிறது. சூட்டைத் தாங்கும் மரபணுக்கள் வேறு செடிகளில் உண்டு. மிளகாயில் சில, பிளம் வகை ஒன்றில் மா என்று ஒன்று.

கேள்வி: சோயாவில் ஒரே மரபணு பத்து முறை இருப்பதால் எதிர்ப்புத்திறன் வருகிறது என்று எங்கோ படித்தேன். அச்சுப்பிழையா?

இல்லை, சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். சோயாவைத் தாக்குவது முட்டைக்கூடு நூற்புழு, வேர்முடிச்சுப் புழுவின் உறவுக்காரன். சோயாவின் மரபணுத் தொகுப்பில் ஆர்எச்ஜி-1 என்ற இடத்தில், சுமார் 31,000 மரபணு எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு சாதாரணச் சோயாவில் ஒரு தடவைதான் இருக்கும். பிஐ 88788 என்ற வகையில் அதே துண்டு பத்து தடவை அடுத்தடுத்து வருகிறது, பீகிங் வகையில் மூன்று தடவை. இது 2012-ல் தெரியவந்தது. நகல்கள் கூடினால் அந்தத் துண்டில் உள்ள சில மரபணுக்களின் புரதமும் கூடும். அதில் ஒன்று செல்லுக்குள் சரக்கு அனுப்பும் வேலையோடு தொடர்புடையது, எதிர்ப்பு வகைகளில் அதன் வடிவமே சற்று மாறியும் இருக்கிறது. புழு தனக்கென அமைத்துக்கொண்ட உணவுச் செல்லில் அந்த மாறிய புரதம் குவிந்து, கடைசியில் அந்தச் செல்லுக்கே விஷமாகிவிடுகிறது.

அமெரிக்காவில் விற்கும் எதிர்ப்புச் சோயா ரகங்களில் மிகப் பெரும்பான்மை அந்த பிஐ 88788-இன் வழிதான். ஒரே பூட்டை எல்லா வீட்டுக்கும் மாட்டினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. இந்த ரகத்திலும் பெருகும் புழுக்கள் வயல்களில் கூடிவிட்டன. அதனால்தான் ஒரே எதிர்ப்பு மூலத்தை வருஷா வருஷம் போடாமல் மாற்றி மாற்றிப் போடச் சொல்கிறார்கள். பிரிட்டனில் உருளைக்கிழங்கிலும் இதே மாதிரி ஒரு கதை: எச்-1 என்ற மரபணு முட்டைக்கூடு புழுவில் ஓர் இனத்தை அடக்கியது, காலியான இடத்தில் அதன் சகோதர இனமான பாலிடா பெருகிவிட்டது.

கேள்வி: முடிச்சு விழுந்த கேரட்டைச் சாப்பிட்டால் புழு வயிற்றுக்குள் வளருமா?

வளராது. அதற்குச் செடியின் செல் வேண்டும். கேரட் கோணலாக இருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: செடியில் புழுவுக்கு உதவும் மரபணுக்களை மரபணுத் திருத்தத்தில் அணைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே? ஏன் செய்யவில்லை?

முயன்றுகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் புழு முடுக்கிவிடும் மரபணுக்களில் பல, செடி தன் சொந்த வேரை வளர்க்கவும் சர்க்கரையைக் கடத்தவும் வைத்திருப்பவை. அவற்றை அணைத்தால் புழுவோடு சேர்த்துச் செடியும் பட்டினி கிடக்கும். அதனால் இன்னொரு வழியும் பார்க்கிறார்கள்: செடியை விட்டுவிட்டு, புழுவின் மரபணுவை அடக்கும் ஆர்என்ஏ துண்டைச் செடியையே செய்ய வைப்பது. புழு உறிஞ்சும்போது அதுவும் உள்ளே போகும், போனதும் புழுவுக்குத் தேவையான ஒரு மரபணு வாயை மூடிக்கொள்ளும். 2006-ல் அராபிடாப்சிஸில் இப்படிச் செய்து பார்த்தபோது நான்கு முக்கிய வேர்முடிச்சு இனங்களையும் கட்டுப்படுத்த முடிந்தது. ஆய்வகச் சிறுசெடியில் நடந்தது வயலிலும் அப்படியே நடக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். முதல் கேள்வி கேட்டவர் அடுத்த முறை எதிர்ப்புத்திறன் உள்ள வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய தக்காளியை, மண் சூடாவதற்கு முன்பே நட்டுப் பார்க்கலாம், அப்புறம் பழைய செடிகளின் வேரை மண்ணிலேயே விட்டுவிடாமல் முழுசாகப் பிடுங்கி எடுத்துவிட வேண்டும். முட்டை அந்த முடிச்சுகளில்தான் இருக்கிறது.