லயத்துக்கு வந்து எடுக்கும் இரத்தத்தை நம்பி மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் அம்மா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். வயது 54. மூன்று வருடமாகச் சீனி வருத்தத்துக்குக் கிளினிக்கில் மெட்ஃபோமின் தருகிறார்கள். இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு. அக்கா கட்டாரிலிருந்து அனுப்பிய சீனி பார்க்கும் மெஷினில் காலையில் 9.1 காட்டுகிறது. போன மாதம் கிளினிக்கில் வெறும் வயிற்றில் 158. அதே வாரம் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வந்து இரத்தம் எடுத்துப் போனவரின் ரிப்போர்ட்டில் 121. "சீனி இறங்கிவிட்டது, மாத்திரை வேண்டாம், நானே வந்து முழு உடம்பையும் செக் பண்ணித் தருகிறேன்" என்கிறார். காய்ச்சல் வந்தால் வீட்டிலேயே பார்க்க டெங்கு கிட்டும் வைத்திருக்கிறாராம். கிளினிக் போனால் அம்மாவுக்கு ஒரு நாள் பேர் (கூலி) போகும். எதை நம்புவது?

பதில்: மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் இன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டு மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

நீங்கள் எழுதிய மூன்று எண்ணில் இரண்டு ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. வளைகுடாவிலிருந்து வரும் பல மெஷின்கள் வேறோர் அளவில் (mmol/L) காட்டும். அதை 18ஆல் பெருக்கினால் நம் கிளினிக் கொப்பியில் எழுதும் அளவு (mg/dL) வந்துவிடும். 9.1 என்பது ஏறக்குறைய 164. "ஒன்பதுதானே" என்று நிம்மதியாக இருந்துவிடுகிற குடும்பங்கள் நிறைய. கிளினிக்கின் 158க்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. தள்ளி நிற்பது 121 மட்டும்தான். அந்த 121 உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், மாத்திரை குடித்து அந்த அளவு வந்தால் மாத்திரை வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். வருத்தம் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

எனக்கு அந்த 121 மேல்தான் சந்தேகம். இரத்தத்தை டியூபில் எடுத்த பிறகும் அதிலுள்ள அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சீனியைத் தின்றுகொண்டே இருக்கின்றன. சாதாரண டியூபில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். காலை ஆறு மணிக்கு உங்கள் லயத்தில் எடுத்து, இன்னும் இரண்டு மூன்று டிவிஷன் ஏறி இறங்கி, பஸ் பிடித்து டவுனுக்குப் போய் லேப்பில் கொடுக்கும்போது பதினொரு மணி ஆகிவிட்டால், 158 இருந்த இரத்தம் 120 அளவில் வந்து நிற்பதில் அதிசயமில்லை. உங்கள் அம்மாவின் டியூபுக்கு இதுதான் நடந்தது என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இப்படி நடக்கக்கூடியது என்று தெரிந்த எவரும் ஒரு ரிப்போர்ட்டைக் காட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்லமாட்டார். லேப்பிலேயே வேலை செய்தாலும் அதைச் சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. அது மருத்துவருடைய வேலை.

அடுத்த முறை வந்தால் கேளுங்கள். சீனிக்கு எடுக்கும் டியூபின் மூடி சாம்பல் நிறமா? அந்த டியூபில் சீனி குறையாமல் தடுக்கும் மருந்து இருக்கும். எடுத்த நேரத்தை அதில் எழுதுகிறாரா? குளிர்பெட்டி கொண்டு வருகிறாரா? எந்த லேப், ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட ஆய்வுகூட தொழில்நுட்பவியலாளர் யார், அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா? பதில் சொல்லத் தயங்கினால் கையை நீட்டாதீர்கள். "முழு உடம்பு" பொதியையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். எத்தனை டெஸ்ட் சேர்கிறதோ அத்தனை கமிஷன், அவ்வளவுதான் விஷயம். அந்தப் பட்டியலில் பெரும்பாலும் புற்றுநோய்க் குறியீடுகளும் (புற்றுநோயைத் தேடும் இரத்த டெஸ்ட்) இருக்கும். ஒரு அறிகுறியும் இல்லாதவருக்கு அதைச் செய்தால், நோயே இல்லாமல் எண் கொஞ்சம் கூடிக் காட்டி, குடும்பத்தையே கண்டிக்கும் கொழும்புக்கும் அலைய வைக்கும்.

தனியார் லேப்கள் பதிவு செய்ய வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருக்கிறது, சரி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லயம் லயமாகப் போகிறவரை நிறுத்திக் கேட்க யார் இருக்கிறார்கள்? அவரிடம் போகிற சனங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு கிளினிக் நாளுக்கு ஒரு நாள் பேரையும் பஸ் காசையும் இழந்து, விடியற்காலையிலேயே போய் நம்பர் எடுத்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. தோட்ட மருந்தகங்களை அரசு முழுதாகப் பொறுப்பெடுக்கும் என்ற பேச்சு பல வருடமாக ஓடுகிறது. மாதத்தில் ஒரு காலை, தோட்டத்திலேயே முறையாக இரத்தம் எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது அத்தனை பெரிய காரியமா? அதைச் செய்யாத வரை அந்த இடத்தை யாராவது நிரப்பத்தான் செய்வார்கள்.

இனி மெஷின். அது வீணான பொருளில்லை, ஆனால் நம் வீடுகளில் அதைப் பிழையாக்கும் பழக்கம் ஒன்று உண்டு. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே பிளேன்டீ குடிப்பது. அந்தக் கையைக் கழுவாமல் விரலில் குத்தினால் மெஷின் விரலில் ஒட்டிய சீனியையும் சேர்த்துத்தான் கணக்குப் போடும். தேத்தண்ணி குடித்துவிட்டாலே வெறும் வயிறும் இல்லை. எழுந்ததும், எதையும் குடிக்கும் முன், சுடுதண்ணியும் சவர்க்காரமும் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்தச் சொல்லுங்கள். குளிரில் விறைத்த விரலைப் பிதுக்கவும் கூடாது. ஸ்ட்ரிப் போத்தலைத் திறந்து போட்டால் மலைப்பக்க ஈரத்துக்குச் சீக்கிரம் கெட்டுப்போகும். காலாவதித் திகதி தெரியாமல் உதிரியாக விற்கும் ஸ்ட்ரிப்பை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அம்மாவுக்கு இரத்தம் குறைவு என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். சிவப்பணுக்கள் குறைவாக இருந்தால் பல மெஷின்கள் சீனியை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். கிளினிக்கில் மூன்று மாதச் சராசரிக்கு எடுக்கும் எச்.பி.ஏ.1சி டெஸ்டும் இரும்புச்சத்துக் குறைவால் கூடிக் காட்டக்கூடும். இரும்புச்சத்து மாத்திரை குடித்து இரத்தம் ஊறத் தொடங்கினால், சாப்பாட்டில் எதையும் மாற்றாமலே அந்த எண் இறங்கும். அப்போது "சீனி குறைந்துவிட்டது" என்று சந்தோஷப்படுவார்கள், உண்மையில் குறைந்திருக்காது. கொழுந்து பறிக்கும் பெண்களிடம் இரத்தக் குறைவு சர்வசாதாரணம், ஆகவே இது எங்கோ ஒருவருக்கு வரும் சிக்கல் இல்லை. அம்மாவின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டு, சீனி எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அதைப் பார்க்காமல் மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வந்தால், இரத்தக் குறைவு இருப்பதை நீங்களே மருத்துவரிடம் சொல்லுங்கள். நெரிசலில் அந்தப் பக்கத்தைப் புரட்ட அவருக்கு நேரம் கிடைத்திருக்காது.

டெங்கு கிட் வேண்டாம். முதல் நாட்களில் அது இல்லையென்று காட்டினாலும் டெங்கு இருக்கலாம். காய்ச்சலின் மூன்றாம் நாள் முழு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல் விட்டதும் சுகம் என்று படுத்துவிடாதீர்கள், ஆபத்து பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் தொடங்கும். பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்காதீர்கள்.

மெட்ஃபோமின் மட்டும் குடிப்பவருக்கு வாரத்தில் இரண்டு தடவை பார்த்தால் போதும். ஒரு நாள் வெறும் வயிற்றில், இன்னொரு நாள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. அடுத்த கிளினிக் நாளில் மெஷினையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். அங்கே நரம்பில் இரத்தம் எடுக்கும் அதே நேரம், சாப்பிடும் முன், விரலிலும் ஒரு தடவை பார்க்கட்டும். ரிப்போர்ட் 158 என்று வந்தால் மெஷின் 134க்கும் 182க்கும் இடையில் காட்டுவது சரியான வித்தியாசம்தான். அதைத் தாண்டினால் புது ஸ்ட்ரிப் போத்தல் ஒன்றை வாங்கிப் பாருங்கள், அதிலும் தாண்டினால் மெஷினை மாற்றுங்கள்.