மூன்றாவது, நான்காவது சுற்றில் எந்த ஆட்டத்தைப் பார்ப்பது?

கேள்வி: விம்பிள்டனோ ஃபிரெஞ்சு ஓபனோ, எதுவானாலும் நான் அரையிறுதியிலிருந்துதான் பார்ப்பேன். மூன்றாவது, நான்காவது சுற்றுகளைத் தவற விடாதே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். போன முறை முயன்றேன். ஒரே நேரத்தில் ஏழெட்டு ஆட்டம் ஓடியது. மாற்றி மாற்றிப் பார்த்ததில் எதையும் உருப்படியாகப் பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்க முடியும். எதைத் தேர்ந்தெடுப்பது? முன்னணி வீரர்களின் ஆட்டத்தை மட்டும் பார்த்தால் போதாதா? இந்தச் சுற்றுகளில் தட்டுத் தடுமாறி ஜெயிப்பவரைக் கோப்பைக்கு நம்பலாமா?

பதில்: போதாது. மூன்றாவது சுற்றில் பெரிய பெயர் ஆடும் ஆட்டம் பெரும்பாலும் அன்றைய நல்ல ஆட்டமாக இருப்பதில்லை. அதைத்தான் பெரிய அரங்கத்தில் போடுவார்கள், டிவியிலும் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். டிக்கெட் விற்பது பெயர்தானே. நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் டிராவை, அதாவது யார் யாரோடு மோதுவார் என்று காட்டும் ஆட்டப் பட்டியலைக் கையில் எடுங்கள். அந்த ஆட்டம் டிராவில் எங்கே விழுந்திருக்கிறது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது.

விம்பிள்டன், ஃபிரெஞ்சு ஓபன் போன்ற நான்கு பெரிய போட்டிகளைத்தான் கிராண்ட்ஸ்லாம் என்கிறோம். அவற்றின் ஒற்றையர் டிராவில் 128 பேர், மொத்தம் 7 சுற்று. இதில் 32 பேருக்கு சீடிங் எனப்படும் போட்டித் தரவரிசை உண்டு. 2001 விம்பிள்டன் வரும் வரை 16 பேருக்குத்தான் இருந்தது. இந்த 32 பேரும் முதல் இரண்டு சுற்றுகளில் ஒருவரோடு ஒருவர் மோத மாட்டார்கள். மூன்றாவது சுற்றில்தான் தரவரிசை பெற்ற இருவர் முதல்முறையாக எதிரெதிரே நிற்க முடியும். யாரும் இடையில் தோற்காவிட்டால் 1 முதல் 8 வரை உள்ளவர்களுக்கு 25 முதல் 32 வரை உள்ளவர்கள் வருவார்கள். 9 முதல் 16 வரை உள்ளவர்களுக்கு 17 முதல் 24 வரை உள்ளவர்கள். நான்காவது சுற்றில் முதல் நான்கு பேருக்கு 13–16, அடுத்த நான்கு பேருக்கு 9–12.

என்னைக் கேட்டால், மூன்றாவது சுற்றில் முதலில் தேட வேண்டியது 9–16க்கும் 17–24க்கும் நடக்கும் ஆட்டத்தை. அங்கே இருவருக்கும் இடையே பெரிய வித்தியாசம் கிடையாது. தரவரிசையில் 12ஆம் இடத்தில் இருப்பவரும் 21ஆம் இடத்தில் இருப்பவரும் வேறொரு வாரம் சந்தித்தால் முடிவு தலைகீழாக இருக்கும். நான்காவது சுற்றுக்குப் போய் இரண்டாவது வாரத்துக்குள் நுழைவது இவர்களுக்குப் பெரிய விஷயம், அதனால் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். இந்த ஆட்டங்கள் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நிலை கோர்ட்டுகளில் நடக்கும். கேமரா கோணம் சுமாராகத்தான் இருக்கும். பரவாயில்லை, பாருங்கள்.

முதல் எட்டுப் பேரின் ஆட்டத்தை எப்போது பார்க்கலாம்? எதிரில் நிற்பவரின் எண் பொய் சொல்லும்போது. உலகத் தரவரிசை கடந்த 52 வாரப் புள்ளிகளை வைத்துக் கணக்கிடப்படுவது. ஆறு மாதம் காயத்தில் படுத்திருந்த நல்ல வீரர் 28ஆம் இடத்தில் இருப்பார், ஆனால் ஆட்டம் 28ஆம் இடத்து ஆட்டமாக இருக்காது. புல்தரையில் மட்டும் பயமுறுத்தும் சர்வீஸ்காரர்களும் இப்படித்தான். 2016 விம்பிள்டனில் நான்கு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களையும் ஒருசேரக் கையில் வைத்திருந்த ஜோகோவிச்சை மூன்றாவது சுற்றில் வீழ்த்திய சாம் க்வெரியின் சீடிங் 28. மழையால் ஆட்டம் இரண்டு நாளுக்கு இழுத்தது. முதல் நாள் இரண்டு செட்டை இழந்த ஜோகோவிச் மறுநாள் ஒன்றை மீட்டார், ஆனால் நான்காவது செட் 6–6 ஆனதும் வந்த டைபிரேக்கில் முடிந்துபோனார்.

இந்தக் கணக்கெல்லாம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க 2009 ஃபிரெஞ்சு ஓபனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆண்கள் பட்டம் மூன்றே நாளில், அதுவும் இந்த இடைச் சுற்றுகளிலேயே தீர்மானமாகிவிட்டது. மே 30, சனிக்கிழமை. மூன்றாவது சுற்றில் 4ஆம் நிலை ஜோகோவிச், 29ஆம் நிலை கோல்ஷ்ரைபரிடம் மூன்று நேர் செட்டில் தோற்றார். மறுநாள் ஞாயிறு நடால். 2005 முதல் நான்கு முறை தொடர்ந்து அங்கே பட்டம் வென்றவர், ஃபிரெஞ்சு ஓபன் நடக்கும் ரோலண்ட் காரோஸில் 31 ஆட்டம் ஆடி ஒன்றில்கூடத் தோற்காதவர். அவரை நான்காவது சுற்றில் ராபின் சோடர்லிங் நான்கு செட்டில் வீட்டுக்கு அனுப்பினார்.

சோடர்லிங் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். அவர் 23ஆம் நிலை. மூன்றாவது சுற்றில் அவர் வென்றது 14ஆம் நிலை டேவிட் ஃபெரரை. நான் மேலே சொன்ன அதே வகை ஆட்டம். களிமண்ணில் ஃபெரரை அடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதை அன்று பார்த்தவர்களுக்கு அடுத்த சுற்றில் நடாலுக்கு வேலை இருக்கிறது என்று கொஞ்சமாவது தோன்றியிருக்கும். மற்றவர்கள் இருவரும் முன்பு மோதிய நேருக்கு நேர் கணக்கைப் பார்த்திருப்பார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான் ரோமில் நடால் அவரை 6–1, 6–0 என்று துவைத்திருந்தார். நேருக்கு நேர் கணக்கை நான் அவ்வளவாக நம்பாததற்கு இது ஒரு காரணம். எத்தனை முறை ஜெயித்தார் என்பதைவிட, ஒருவரின் ஆயுதம் மற்றவரின் பலவீனத்தைத் தொடுகிறதா என்பதுதான் முக்கியம். நடாலின் பந்து தோளுக்கு மேலே எழும்பும். பெரும்பாலானவர்களுக்கு அது தலைவலி. சோடர்லிங் நல்ல உயரம், அந்த உயரத்திலேயே பந்தை வாங்கித் தட்டையாக அடித்து நொறுக்கக்கூடியவர். அது கோட்டுக்குள் விழும் நாளில் யாராலும் தாங்க முடியாது. அன்று விழுந்தது.

அடுத்த நாள், ஜூன் 1, திங்கள். நடால் இல்லாத டிராவில் ஃபெடரருக்கு வழி திறந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, டாமி ஹாஸ் முதல் இரண்டு செட்டையும் எடுத்துவிட்டார். மூன்றாவது செட்டில் 3–4, ஃபெடரரின் சர்வீஸ், 30–40. அந்தப் புள்ளி போயிருந்தால் ஹாஸ் அடுத்து ஆட்டத்தை முடிக்க சர்வீஸ் போட்டிருப்பார். ஃபெடரர் ஒரு ஃபோர்ஹேண்டைக் கோட்டோரமாக இறக்கினார். அப்புறம் 6–4, 6–0, 6–2. ஆறு நாள் கழித்து இறுதிப் போட்டியில் அதே சோடர்லிங்கை வென்று, தன்னிடம் இல்லாதிருந்த அந்த ஒரே கிராண்ட்ஸ்லாமையும் பெற்றுக்கொண்டார். அந்த இறுதிப் போட்டியை மட்டும் பார்த்தவர்கள் ஒரு சுமாரான, ஒருதலைப்பட்சமான ஆட்டத்தைத்தான் பார்த்தார்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தடுமாறி ஜெயிப்பவரை ஒதுக்க வேண்டாம். ஆனால் எப்படித் தடுமாறினார் என்று பார்க்க வேண்டும். எதிராளி வெறித்தனமாக ஆடி அதனால் திணறினாரா, உடம்பு ஒத்துழைக்காமல் திணறினாரா? முதலாவது ஆபத்தில்லை, ஏனென்றால் அப்படி ஆடுபவர் அடுத்த சுற்றில் இருக்க மாட்டார். இரண்டாவதுதான் ஆபத்து. நான் முதலில் பார்ப்பது, முதல் சர்வீஸ் தவறினால் போடும் இரண்டாவது சர்வீஸில் வென்ற புள்ளிகளின் சதவீதம். பாதிக்குப் பக்கத்தில் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. 40க்குக் கீழே இறங்கினால் தோளிலோ முதுகிலோ மனதிலோ ஏதோ கோளாறு. எதிராளி தொடவே முடியாத சர்வீஸான ஏஸ் எண்ணிக்கையை எல்லாம் நான் கண்டுகொள்வதே இல்லை. அடுத்தது, இதுவரை கோர்ட்டில் செலவழித்த மொத்த நேரம். ஐந்து செட் ஆட்டம் இரண்டை முடித்துவிட்டு நான்காவது சுற்றுக்கு வருகிறவரின் கால்கள் மூன்றாவது செட்டில் கணக்குக் கேட்கும்.

இதையெல்லாம் மீறி அதிர்ஷ்டம் என்றும் ஒன்று உண்டு. 2025 விம்பிள்டன் நான்காவது சுற்றில் முதல் நிலை யானிக் சின்னர் இரண்டு செட் பின்தங்கியிருந்தார், முழங்கையிலும் அடி. மூன்றாவது செட் 2–2 இருந்தபோது கிரிகோர் டிமிட்ரோவ் மார்புத் தசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்டத்தைத் தொடர முடியவில்லை. சின்னர் அந்த முறை பட்டமே வென்றார். டிமிட்ரோவ் தொடர்ந்து ஐந்தாவது கிராண்ட்ஸ்லாமில் இப்படிப் பாதியில் விலகினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது முழுக்க அதிர்ஷ்டமும் இல்லை. யாருடைய உடம்பு இரண்டு வாரம் தாங்கும் என்பதும் திறமையின் ஒரு பகுதிதான். பாவம்தான், என்றாலும் அப்படித்தான்.

பெண்கள் ஆட்டத்துக்கு வேறு கணக்கு. மூன்று செட் என்பதால் மீண்டு வர நேரம் குறைவு. மோசமான நாற்பது நிமிடம் போதும், முன்னணி வீராங்கனை வெளியே. 2022 விம்பிள்டனில் 37 ஆட்டம் தொடர்ந்து வென்று வந்த இகா ஸ்வியாடெக்கை மூன்றாவது சுற்றில் அலிசே கோர்னெ 6–4, 6–2 என்று முடித்தார். ஸ்வியாடெக்குக்கு அப்போது புல்தரை அவ்வளவாகப் பழகவில்லை. கோர்னெயோ 2014இல் அதே விம்பிள்டனில் அதே மூன்றாவது சுற்றில் செரீனா வில்லியம்ஸைத் தோற்கடித்தவர். அதனால் பெண்கள் டிராவில் முதல் எட்டுப் பேரின் ஆட்டத்தையும் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். 2021 அமெரிக்க ஓபனில் ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே ஆர்தர் ஆஷ் அரங்கத்தில், பகலில் 18 வயது அல்கராஸ் 3ஆம் நிலை சிட்சிபாஸை ஐந்தாவது செட் டைபிரேக்கில் வென்றார். இரவில் லெய்லா ஃபெர்னாண்டஸ் நடப்பு சாம்பியன் ஒசாகாவைச் சாய்த்தார், அதுவும் ஒசாகா இரண்டாவது செட்டில் ஆட்டத்தை முடிக்க சர்வீஸ் போட்ட பிறகு. ஃபெர்னாண்டஸ் இறுதிப் போட்டி வரை போனார். அங்கே அவரை வென்ற எம்மா ரடுகானு தகுதிச் சுற்றிலிருந்து வந்தவர்.

சரி, உங்கள் மூன்று மணி நேரத்துக்கு வருவோம். மூன்றாவது சுற்று இரண்டு நாள் நடக்கும். ஆண், பெண் சேர்த்து ஒரு நாளைக்கு 16 ஒற்றையர் ஆட்டம். எல்லாவற்றையும் துரத்தினால் போன முறை நடந்ததுதான் நடக்கும். டிராவில் எட்டில் ஒரு பங்கை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஆண்களில் ஒன்று, பெண்களில் ஒன்று. ஒவ்வொன்றிலும் தொடக்கத்தில் 16 பேர் இருந்திருப்பார்கள், மூன்றாவது சுற்றுக்கு 4 பேர் மிஞ்சியிருப்பார்கள். இரண்டு ஆட்டம், அதில் வென்றவர்களுக்குள் நான்காவது சுற்றில் ஒரு ஆட்டம், அப்புறம் கால் இறுதி. மூன்றே ஆட்டத்தில் நான்கு பேரையும் நன்றாகத் தெரிந்துகொள்வீர்கள். எந்தப் பகுதியை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால், மூன்றாவது சுற்றுக்குள் முன்னணி சீடிங் பெற்றவர் ஏற்கெனவே தோற்றுப்போன பகுதியை எடுங்கள். காலியான அந்த இடத்துக்கு நாலு பேரும் ஏங்கிக்கொண்டிருப்பார்கள், சண்டை நன்றாக இருக்கும்.

ஆட்ட வரிசை முந்தின நாள் மாலையே வந்துவிடும். அதில் முதல் ஆட்டத்தின் நேரத்தையும், 'இத்தனை மணிக்கு முன் தொடங்காது' என்று குறிப்பிட்ட ஆட்டங்களையும் தவிர மற்றதை நம்பி உட்கார வேண்டாம். முந்தைய ஆட்டம் ஐந்து செட்டுக்குப் போனால் உங்கள் ஆட்டம் இரண்டு மணி நேரம் தள்ளிப்போகும். என் பழக்கம் இது: பெண்கள் ஆட்டத்தை முதல் பந்திலிருந்து பார்ப்பது, ஆண்கள் ஆட்டத்தை ஸ்கோரில் மட்டும் கவனித்துக்கொண்டிருந்து, ஆளுக்கொரு செட் என்று பிரிந்தால் மூன்றாவது செட்டில் போய்ச் சேர்வது. 2–0 என்று ஆனால் விட்டுவிடுவேன். ஹாஸ் ஆட்டத்தை இப்படி விட்டிருப்பீர்களே என்று கேட்கலாம். ஆமாம், விட்டிருப்பேன். மூன்று மணி நேரத்தில் எல்லாமும் கிடைக்காது.

நான்காவது சுற்றில் நிலைமை எளிது. இரண்டு நாளுக்கும் சேர்த்து 16 ஒற்றையர் ஆட்டம்தான், நாளைக்கு எட்டு. விம்பிள்டனில் மட்டும் முன்பெல்லாம் நடு ஞாயிறு விடுமுறை. மழை கெடுத்த 1991, 1997, 2004, 2016 தவிர அன்று ஆட்டமே கிடையாது. அதனால் 16 ஆட்டமும் திங்கள் ஒரே நாளில் நடந்தன. ரசிகர்களுக்குத் திருவிழா, தேர்ந்தெடுக்க வேண்டியவருக்குத் தண்டனை. 2022 முதல் ஞாயிறும் ஆடுகிறார்கள். எனக்குப் பழைய பைத்தியக்காரத் திங்கள்தான் பிடிக்கும், ஆனால் உங்கள் தேவைக்குப் புதிய ஏற்பாடுதான் நல்லது.

இரவு எவ்வளவு நேரமாகும் என்ற கவலையும் இருக்கும். 2022 ஃபிரெஞ்சு ஓபனிலிருந்து நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் கடைசி செட் 6–6 ஆனால் 10 புள்ளி டைபிரேக். முன்பு போல 15–13 வரை இழுக்காது. ஐந்தாவது செட் தொடங்கியதும் இன்னும் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.