விலையும் முறையும்: நுகர்வோர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விலை பற்றியவை. ஒரு விலையை நிர்ணயிப்பவர் யார் என்று தெரியாமல் எழுதப்படும் புகார், எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு பதிலிலும் அதையே முதலில் பார்க்க முயன்றிருக்கிறோம்.

கேள்வி: மதுரையில் ஒரு பேருந்து நிலையக் கடையில், 20 ரூபாய் என்று அச்சிட்ட ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்கு 25 ரூபாய் வாங்கினார்கள். கேட்டதற்கு, ‘கூலிங் சார்ஜ்’ என்றார்கள். உணவகங்களில் இதைவிடக் கூடுதலாக வாங்குகிறார்களே, அது மட்டும் சட்டப்படி செல்லுமா?
– வாசகர், மேலூர்

பதில்: பாட்டிலில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச சில்லறை விலை. எல்லா வரிகளும் அதிலேயே அடக்கம். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் 2011இல் நடைமுறைக்கு வந்த பொட்டலப் பொருள்கள் விதிகளின்படி, கடைக்காரர் அதற்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. குளிர்பதனப் பெட்டிக்கு ஆகும் மின்செலவு அவருடைய வியாபாரச் செலவு. அவர் வாங்கும் விலைக்கும் அச்சிட்ட விலைக்கும் உள்ள இடைவெளி அதற்காகவும் சேர்த்துத்தான் விடப்பட்டிருக்கிறது. ஒரே பொருளுக்கு இடத்துக்கு ஒரு விலையை அச்சிடுவதற்கும் 2018 ஜனவரி முதல் தடை உண்டு.

உணவகத்தின் கதை வேறு. அங்கே தருவது வெறும் பாட்டில் அல்ல, இருக்கை, பரிமாறுதல், சூழல் எல்லாம் சேர்ந்த சேவை என்ற அடிப்படையில், உணவகங்களும் விடுதிகளும் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவதைத் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. மூடியைத் திறந்து மேசையில் வைப்பதற்கு இவ்வளவா என்ற எரிச்சல் எனக்கும் உண்டு; ஆனாலும் இன்றைய நிலை அதுதான். திரையரங்குகள் வெளி உணவைத் தடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் சொன்ன அதே நீதிமன்றம், சுத்தமான குடிநீரை அவை இலவசமாகத் தர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டு வாங்குபவர்கள்தான் குறைவு.

பேருந்து நிலையக் கடைக்கு இந்த விலக்கு எதுவும் பொருந்தாது. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை என்பதால், உங்கள் மனு தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்குப் போக வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். கடை எண், தேதி, நேரம், விலை தெரியும்படி எடுத்த பாட்டிலின் படம் ஆகியவை இருந்தால் போதும். பில் தர மறுக்கும் கடையில் கைபேசி வழியாகப் பணம் செலுத்துங்கள். 25 ரூபாய் என்ற பதிவும் பெறுபவரின் பெயரும் அதிலேயே நிற்கும்.

தனி மனுவால் அதிகம் போனால் அந்தக் கடைக்கு ஓர் அபராதம் விழும். அடுத்த வாரம் விலை பழையபடி ஏறிவிடும். கடைக்காரர்கள் சொல்லும் காரணம் ஏலத்தில் எகிறிப்போன வாடகை, அதில் உண்மையும் இருக்கிறது. தினமும் அந்த நிலையத்தின் வழியே போய்வருகிற பயணிகள் சிலர் சேர்ந்து, கடைகளை ஏலம் விடும் உள்ளாட்சி அமைப்புக்கே மனுக் கொடுத்து, அச்சிட்ட விலைக்கு மேல் விற்றால் உரிமம் ரத்து என்பதை ஏல நிபந்தனையில் சேர்க்கவும், அதைக் கடைதோறும் பலகையில் எழுதி வைக்கவும் கேட்பதே பலன் தரும் வழி.

கேள்வி: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று மாசி வீதிக் கடை ஒன்றின் பில்லிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். இது செல்லுமா?
– வாசகி, செல்லூர்

பதில்: நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பதற்குச் செல்லும், குறைபாடுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாள்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தராமல் இருப்பதும் அவ்வாறே.

கேள்வி: எங்கள் தெருவில் சமையல் எரிவாயு சிலிண்டர் கொண்டுவருபவர், ரசீதில் உள்ள தொகைக்கு மேல் 50 ரூபாய் கேட்கிறார். கொடுக்காத வீட்டுக்கு அடுத்த முறை சிலிண்டர் தாமதமாகிறது. தெருவில் எல்லோருக்கும் இந்த வருத்தம் இருந்தும் யாரும் வாய் திறப்பதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, வில்லாபுரம்

பதில்: ரசீதில் உள்ள தொகையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதற்கான கட்டணமும் சேர்ந்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை. நீங்களே மனமுவந்து கொடுப்பது வேறு, கேட்டு வாங்குவது வேறு.

எனினும், சிலிண்டரைத் தோளில் சுமந்து வரும் அந்த மனிதரோடு வாசலில் நின்று சண்டையிடுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அவருக்கு உரிய கூலியைத் தர வேண்டியது ஏஜென்சி. அது அங்கே குறையும்போது உங்கள் வாசலில் 50 ரூபாயாக வந்து நிற்கிறது. எனவே கடிதம் ஏஜென்சி உரிமையாளருக்கு, அதன் நகல் எண்ணெய் நிறுவனத்தின் விற்பனை அதிகாரிக்கு. ஒரு வீடு எழுதினால் அந்த வீட்டுக்குத் தாமதம். தெருவே நுகர்வோர் எண்களைக் குறித்துக் கையெழுத்திட்டால் யாரைத் தாமதப்படுத்துவது? ஒவ்வொருவரும் முன்பதிவு செய்த தேதியையும் சிலிண்டர் வந்த தேதியையும் அதில் எழுதுங்கள், ஏனெனில் பழிவாங்கும் தாமதத்தை அந்த இரண்டு தேதிகளே காட்டிவிடும். பதில் வராவிட்டால் 1800 2333 555 என்ற கட்டணமில்லா எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

கடிதத்தில் இன்னொன்றையும் சேர்க்கலாம். வீட்டு உபயோக சிலிண்டரில் எரிவாயு 14.2 கிலோ இருக்க வேண்டும். காலி சிலிண்டரின் எடை அதன் மேற்பகுதியில், கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையில் எழுதப்பட்டிருக்கும். அது 15.3 என்றால் மொத்தம் 29.5 கிலோ நிற்க வேண்டும். கேட்டால் எடைபோட்டுக் காட்டுவது அவர்கள் கடமை. தராசு கொண்டுவரச் சொல்லித் தெருவே கேட்கத் தொடங்கினால், 50 ரூபாய்ப் பேச்சும் தானாகக் குறையும் என்பது என் கணிப்பு.

கேள்வி: கப்பலூர் சுங்கச்சாவடிக் கட்டணத்தை எதிர்த்து நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்க முடியுமா? சொந்த வேலைக்கு மதுரை போய்வரும் எங்களுக்கு இது பெரும் சுமை.
– வாசகர், திருமங்கலம்

பதில்: கட்டணத்தைக் குறைக்கவோ சாவடியை அகற்றவோ ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. அந்தக் கட்டணம் 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி மத்திய அரசு நிர்ணயிப்பது. ஆணையம் விசாரிக்கக்கூடியது சேவைக் குறைபாட்டை மட்டுமே: ஃபாஸ்டேக் கணக்கில் ஒரே பயணத்துக்கு இருமுறை பணம் பிடித்துவிட்டுத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பது போன்றவை. அத்தகைய புகாரை முதலில் 1033 என்ற எண்ணில் பதிவு செய்யுங்கள்.

சாவடி எங்கே இருக்க வேண்டும் என்பதையும் அதே விதிகள் சொல்கின்றன. நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பால் அமைக்க வேண்டும் என்பது பொது விதி. காரணங்களை எழுத்தில் பதிவு செய்து அதற்குள் அமைக்கலாம் என்பது போன்ற விலக்குகளும் உண்டு. உங்கள் ஊர் மக்கள் ஆண்டுக்கணக்காக நடத்திவரும் போராட்டத்தின் சட்ட வலு இந்த இடத்தில்தான் இருக்கிறது. 2024 ஜூலையில் நடந்த மறியலும் கடையடைப்பும் மாநிலம் முழுவதும் பேசப்பட்டன. பேச்சுவார்த்தையில் உள்ளூர் வாகனங்களுக்குச் சலுகை என்று வாய்மொழியாகச் சொல்வதை மட்டும் நம்பிக் கலையக் கூடாது. தேதி, வாகன வகை, எந்தெந்த ஊர்கள் என்பவை எழுத்தில் இருந்தால்தான் சாவடி ஊழியர் மாறும்போதும் அது நிற்கும். சாவடி அமைவிட விதியையும் விலக்கையும் ஆராய உரிய இடம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை.

அதுவரை சுமையைக் குறைக்க: சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வசிப்பவரின் வணிகம் சாராத வாகனத்துக்கு மாத அனுமதிச் சீட்டு உண்டு. 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க் கட்டணத்தில் தொடங்கிய, தனியார் கார்களுக்கு ஓராண்டு அல்லது 200 பயணங்கள் என்ற ஃபாஸ்டேக் திட்டமும் இருக்கிறது. இவற்றைப் பயன்படுத்துவதால் போராட்டத்தைக் கைவிட்டதாக ஆகாது.

கேள்வி: மின் கணக்கெடுப்பவர் பத்து நாள் தாமதமாக வந்ததால், எங்கள் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிக் கட்டணம் எகிறிவிட்டது.
– வாசகர், திருநகர்

பதில்: 500ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போகிறது. அதனால்தான் இந்த அதிர்ச்சி. மின் அட்டையில் முந்தைய கணக்கெடுப்புத் தேதியையும் இப்போதைய தேதியையும் பாருங்கள். 60 நாளுக்கு மேல் உள்ள இடைவெளியைச் சுட்டிக்காட்டிப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் திருத்தம் கேளுங்கள். அடுத்த படி மின் பகிர்மான வட்டத்திலுள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேல் மின்குறைதீர்ப்பாளர்.

கட்டண விகிதமே அதிகம் என்பது உங்கள் குறையானால், அதை முடிவு செய்வது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 2022 ஆகஸ்டில் கட்டண உயர்வுக்கு முன் அது மதுரையிலும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியது. தொழில் நிறுவனங்கள் கணக்குப் புத்தகத்தோடு வந்து பேசுகிற அத்தகைய கூட்டங்களில், வீட்டு இணைப்புக்காரர்களும் மின் அட்டைகளோடு போய் நிற்க வேண்டும்.

கேள்வி: எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் பராமரிப்புக்கு முன்பணம் வாங்கிய நிறுவனம் வருவதே இல்லை. குடும்பத்துக்குக் குடும்பம் தனி வழக்கா? வக்கீல் கட்டாயமா?
– வாசகர், கே.கே. நகர்

பதில்: இரண்டும் வேண்டியதில்லை. ஒரே நலன் கொண்ட நுகர்வோர் பலருக்காக ஒருவரோ சிலரோ, நுகர்வோர் ஆணையத்தின் அனுமதி பெற்று, ஒரே புகாராகத் தாக்கல் செய்யலாம் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு. மாவட்ட ஆணையத்தில் நீங்களே வாதாடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 50 லட்சம் வரையிலான விவகாரங்கள் மாவட்ட ஆணையத்திலேயே முடியும். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், ‘அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறோம்’ என்ற தொலைபேசி உறுதிகளை நம்பிக் காலத்தைக் கடத்தாதீர்கள். ஒப்பந்தம், பணம் செலுத்திய சான்று, நீங்கள் அனுப்பிய அறிவிப்பு, லிஃப்ட் நின்ற நாள்களைக் காவலாளி குறித்து வைத்த நோட்டு ஆகியவற்றை இணையுங்கள். அந்த நோட்டுக்கு வழக்கில் மதிப்பு அதிகம்.

தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் எதிர்த்தரப்பு 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு முன் உத்தரவிட்ட தொகையில் பாதியை அவர்கள் கட்டியாக வேண்டும். மாநில ஆணையத்தின் அமர்வு மதுரையிலேயே இருப்பதால் நீங்கள் சென்னைக்கு அலைய வேண்டியிருக்காது.