பிக்கப்பில் கூடுதல் வெப்பநிலை கேஜை எங்கே பொருத்துவது நல்லது?

டீசல் பிக்கப்புக்கு, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் வெப்பநிலையைக் காட்டும் 52 மில்லிமீட்டர் கேஜ் ஒன்றை வாங்கியிருப்பதாகவும், அதை முன்கண்ணாடியின் வலப்பக்கத் தூணில் பொருத்தலாம் என்று பட்டறையில் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தூணில் வேண்டாம் என்பதே என் பதில்.

குளிர்சாதனப் பராமரிப்பு வேலைக்காகப் பல ஆண்டுகளாகப் பிக்கப் ஓட்டி வருகிறேன். "தூணில் வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், அண்ணே" என்று எனக்கும் சொன்னார்கள், நானும் இசைந்தேன். ஒரு நாள் மாலை சிங்கப்பூரின் தோ பாயோவில் வலப்பக்கம் திரும்பியபோது, சந்தைத் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு மூதாட்டி, அந்தக் கேஜுக்குப் பின்னாலிருந்துதான் என் கண்ணில் பட்டார். மெதுவாகத் திரும்பியதால் வண்டியை நிறுத்த முடிந்தது. இங்கே நாம் வலப்பக்கம் அமர்ந்து ஓட்டுவதால், வலப்புறம் திரும்பும்போது, கடப்பவர்கள் நடந்துவரும் திசையை அந்தத் தூண்தான் மறைக்கிறது; ஏற்கெனவே தடித்த அத்தூணை இன்னும் தடிமனாக்குவது சரியல்ல. அந்த வார இறுதியிலேயே கழற்றிவிட்டேன். திருகாணித் துளைகள் இன்னும் தூணின் உறையில் இருக்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள வண்டிகளில் அது கூரை ஓரமாக வந்து முன்தூணின் உறைக்குள்ளும் மடங்கியிருக்கக்கூடும். அங்கே துளையிடுவதும், அது விரியும் வழியில் கம்பியை இழுப்பதும் ஆபத்து.

அப்படியானால் எங்கே? எதையும் துளைப்பதற்கு முன், ஓர் அட்டைப் பெட்டியிலிருந்து கேஜின் அளவுக்கு வட்டம் வெட்டி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி, நினைத்த இடத்தில் நாடாவால் நிறுத்தி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். காலையில் ஆயர் ராஜா விரைவுச்சாலையில் துவாஸ் நோக்கிப் போகும்போது, பின்கண்ணாடி வழியாக வரும் வெயில் அந்தத் தாளில் பட்டுக் கூசுகிறதா என்று கவனியுங்கள். டேஷ்போர்டின் மேலே மிகவும் முன்னால் தள்ளிவைத்தால், இரவில் கேஜின் விளக்கு முன்கண்ணாடியில் பிரதிபலிக்கும்; இதை அட்டை காட்டாது, கேஜுக்குத் தற்காலிகமாக மின்சாரம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

ரேடியோவுக்குக் கீழேயுள்ள பள்ளம் வசதியாகத் தோன்றும். பேட்டரி மின்னழுத்தம் போன்றவற்றுக்கு அது போதும். ஆனால் கூலண்ட் கேஜை அங்கே வைத்தால் கண் சாலையைவிட்டு வெகுதூரம் இறங்க வேண்டியிருக்கும். ஸ்டியரிங் தண்டின் மேல் வைப்பது பார்வைக்கு மிக அருகில் என்றாலும், மீட்டரில் எரியும் எச்சரிக்கை விளக்குகளில் சிலவற்றை அது மறைத்துவிடலாம்.

நான் கடைசியில் தேர்ந்தெடுத்தது, மீட்டருக்குச் சற்று இடப்புறம், டேஷ்போர்டின் விளிம்பில், பானட் தெரியும் கோட்டுக்குக் கீழே. சாலையிலிருந்து கண் சிறிதளவே இறங்கி மீள்கிறது. இருபுற நாடாவை நம்பாதீர்கள். பல மாடி வாகன நிறுத்தத்தின் மேல்தளத்தில் பகல் முழுதும் நின்ற என் வண்டியில் அது இளகிக் கேஜ் தொங்கிவிட்டது. திருகாணியுடன் கூடிய தாங்கியே நிற்கும். ஆனால் பயணியின் ஏர்பேக் மூடியைத் தொடக்கூடாது.

பொருத்தும்போது கேஜை அதன் உறைக்குள் சற்றுத் திருப்பி, வழக்கமான வெப்பநிலையில் முள் நேர் மேலே நிற்கும்படி வையுங்கள். எண்கள் சாய்ந்து தெரியும், அதனால் குறையில்லை; முள் சாய்ந்தால் எண்ணைப் படிக்காமலே தெரிந்துவிடும். இது ஏன் முக்கியம் என்றால், வண்டியோடு வரும் வெப்ப முள், பல வண்டிகளில், பல டிகிரி ஏறினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் இந்தக் கேஜை வாங்கியதே அந்தத் தொடக்க ஏற்றத்தைப் பார்க்கத்தான்.

இடத்தை முடிவுசெய்தபின், கம்பியை எஞ்சின் பக்கத் தடுப்பில் ஏற்கெனவே உள்ள ரப்பர் துளை வழியாகவே கொண்டுவரச் சொல்லுங்கள். முன்பயணியின் கால்பகுதியில் ஓபியு (சாலைக் கட்டணம் வசூலிக்க வண்டியில் பொருத்தும்) கருவியின் பெட்டி இருந்தால், அதன் கம்பிகளோடு இதைச் சேர்த்துக் கட்ட வேண்டாம். ஃபியூஸ் இல்லாமல் இணைக்க விடாதீர்கள். வண்டியை எடுக்கும் முன் ஸ்டியரிங்கை மேலும் கீழும் முழுதாக நகர்த்தி, பெடல்களை மிதித்து, கம்பி எங்கும் உரசவில்லை என்று நீங்களே குனிந்து பாருங்கள்.