எந்த வோங்? முதலில் அதைக் கேளுங்கள்

கேள்வி: என் அம்மா மலேசியாவின் ஈப்போவில் பிறந்த கன்டோனியர், அதாவது தென்சீனாவின் கன்டோனிய மொழி பேசும் சீனர். தாத்தா தென்சீன மாகாணமான குவாங்டோங்கிலிருந்து வந்த விவசாயி, குலப்பெயர் வோங். 28 தலைமுறைக்கு வம்சாவளிப் புத்தகம் எடுத்துத் தருவதாக ஒரு தரகர் முன்பணம் கேட்கிறார். சூஜிச் சந்து வழியாக வந்த சோங் அரச வம்ச காலத்து (960–1279) அதிகாரியின் வாரிசுகளாம் நாங்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் எந்த வோங் என்று அவர் கேட்டாரா? கன்டோனியர் வாயில் ஒன்றுபோல ஒலிக்கும் இரண்டு குலப்பெயர்கள் உண்டு. ஒன்றின் எழுத்துக்கு மஞ்சள் என்று பொருள், இன்னொன்றுக்கு அரசன். மாண்டரினில் முதலாவது ஹுவாங், அடுத்தது வாங். அடையாள அட்டையில் இருப்பது வெறும் ஒலி. எழுத்தைப் பார்க்காமலே 28 தலைமுறை சொல்கிறார் என்றால் புத்தகம் ஏற்கெனவே தயார், கடைசிப் பக்கத்தில் உங்கள் தாத்தாவைச் சேர்ப்பதுதான் பாக்கி. பெரிய மனிதர்களை முன்னோராக எழுதிக் கொடுத்துப் பிழைத்தவர்கள் மிங் அரச வம்ச காலத்திலேயே (1368–1644) இருந்தார்கள்.

சூஜிச் சந்து நிஜமான ஊர். குவாங்டோங்கின் வடகோடியில், மெய்லிங் கணவாய்க்குத் தெற்கே, நான்சியோங்கில் இருக்கிறது. அரண்மனையிலிருந்து ஓடிவந்த பெண் ஒருத்தி அங்கே ஒளிந்தாள், படை வருமென்று பயந்து லுவோ குய் தலைமையில் 33 குலப்பெயர்களைச் சேர்ந்த 97 குடும்பங்கள் தெற்கே முத்தாற்றுக் கழிமுகத்துக்குப் போயின என்பது கதை. வடக்கிலிருந்து அந்தக் கணவாய் வழியாக மக்கள் வந்தது உண்மைதான். ஆனால் கழிமுகத்தில் ஏகப்பட்ட குடும்பங்கள் இதே கதையைச் சொல்வது ஏன்? 1381-இல் மிங் அரசு 110 வீடுகளை ஓர் அலகாக்கிக் குடிமக்களைப் பதிவு செய்தது. பதிவில் இருந்தால் வரியும் ஊழியமும் தலையில் விழும், ஆனால் நிலத்துக்கும் தேர்வுக்கும் உரிமை வரும். வண்டல் படிந்து புதுநிலம் உருவாகிக்கொண்டிருந்த இடத்தில் படகில் வாழ்ந்தவர்களுக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை. 'நாங்கள் அதிகாரியிடம் மனு கொடுத்து, அனுமதிச் சீட்டோடு வந்தவர்கள்' என்று கதையிலேயே வருவதைக் கவனியுங்கள். அது கிட்டத்தட்ட ஒரு பட்டா, நிலத்தில் உரிமை கேட்க இந்தக் கதை உதவியது. அந்த அரசுப் பதிவேடுகளை நான்ஜிங்கில் ஓர் ஏரித் தீவில் வைத்திருந்தார்கள், பெரும்பாலும் அழிந்துவிட்டன. அதிலிருந்து எடுத்ததாகத் தரகர் சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? தாத்தாவின் கல்லறைக் கல்லைத் தெளிவாகப் படமெடுங்கள். குலப்பெயரின் எழுத்தோடு சொந்த மாவட்டமும், பல கற்களில் கிராமமும் இருக்கும். மாவட்டம் தைஷான் என்றால் அதற்கு 1914 வரை சின்னிங் என்று பெயர், பழைய தாள்களில் அப்படித்தான் தேட வேண்டும்.

அடுத்தது தலைமுறை எழுத்து. ஒரே தலைமுறை ஆண்களின் பெயர்களில் ஓர் எழுத்து பொதுவாக இருக்கும், வரிசையைக் குலமே வகுத்து வைத்திருக்கும். இதில் ஒரு சிக்கல், பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். தாத்தாவின் பெயரில் அந்த எழுத்து இல்லாமல் போகலாம். தைஷான் பக்கத்துக் கிராமங்களில் ஆணுக்குக் கல்யாணத்தின்போது இன்னொரு பெயர் வைப்பார்கள். தலைமுறை எழுத்து அதில்தான் இருக்கும், வம்சாவளியில் ஏறுவதும் அதுதான். மலாயாவில் அவர் புழங்கிய பெயர் வேறாக இருக்கலாம். புத்தகத்தில் பெயர் இல்லை என்றதும் 'நம் ஆள் இல்லை' என்று மூடிவிடாதீர்கள். 'தாத்தாவின் கல்யாணப் பெயர் என்ன?' என்று அம்மாவிடமும் மாமாக்களிடமும் கேளுங்கள். கல்லிலேயே இரண்டு பெயரும் இருந்தாலும் இருக்கும்.

கிராமம் தெரிந்த பிறகு ஃபேமிலிசர்ச் தளத்தில் படியெடுத்த சீன வம்சாவளிகளை இலவசமாகத் தேடலாம். ஊர் அலுவலகத்துக்கு எழுதினால் முதலில் உறவுச் சான்று கேட்பார்கள். உறவைக் கண்டுபிடிக்கத்தானே எழுதுகிறோம்! இந்த அலைக்கழிப்புதான் தரகர்களுக்குச் சோறு போடுகிறது. ஊரில் புத்தகமே இல்லாமலும் போகலாம், 1966-இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியில் எரித்தவை ஏராளம். அப்படியானால் கல்லில் உள்ள கிராமத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.