ஆன்டர்ஸ் படை: கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போரில் ஜெனரல் விளாதிஸ்வாஃப் ஆன்டர்ஸின் கீழ் போரிட்ட போலந்துப் படை பற்றி நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: போலந்தைப் பிடித்தது ஹிட்லர். அப்புறம் இவர்கள் சைபீரியாவுக்கு எப்படிப் போனார்கள்?

1939 செப்டம்பர் 1 அன்று ஹிட்லர் மேற்கிலிருந்து நுழைந்தார். 17-ஆம் தேதி ஸ்டாலின் கிழக்கிலிருந்து நுழைந்தார். இந்த இரண்டாவது தேதியைப் பலரும் மறந்துவிடுகிறோம். 1940 பிப்ரவரியில் தொடங்கி, கிழக்குப் போலந்தின் குடும்பங்களைச் சரக்கு ரயிலில் அடைத்து சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் அனுப்பினார்கள்.

கேள்வி: பிறகு ஸ்டாலினே ஏன் விடுவித்தார்?

1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் மீதே பாய்ந்ததால்தான். போலந்துக் கைதிகளை விடுவித்துப் படை அமைக்க, லண்டனில் இயங்கிய போலந்து அரசுக்கும் சோவியத்துக்கும் ஜூலை 30 அன்று ஒப்பந்தம் ஆனது. ஆகஸ்டில் ஆன்டர்ஸ் மாஸ்கோவின் லூபியாங்கா சிறையிலிருந்து வெளியே வந்தார். முகாம்களிலிருந்து கந்தலோடும் பசியோடும் ஆட்கள் படையில் சேர வந்துகொண்டே இருந்தார்கள். ஆனால் பல்லாயிரம் அதிகாரிகள் மட்டும் வரவில்லை. ஸ்டாலினிடம் நேரிலேயே கேட்டபோது, மஞ்சூரியாவுக்கு ஓடியிருப்பார்கள் என்றார். 1943-இல் ரஷ்யாவின் கட்டின் காட்டில் புதைகுழிகள் வெளிப்பட்டன. அந்த அதிகாரிகளைச் சுட்டுக் கொன்றது ஸ்டாலினின் ஆட்கள்தான்.

1942-இல் காஸ்பியன் கடலைக் கடந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் ஈரான் சேர்ந்தார்கள். பெண்களும் குழந்தைகளும்கூட அதில் இருந்தார்கள். உயிர் தப்பிக் கரையேறிய பிறகும் நோயில் இறந்தவர்கள் பலர்.

கேள்வி: படையில் கரடி இருந்தது நிஜமா?

நிஜம்தான். பெயர் வோய்டெக். ஈரானில் குட்டியாக வாங்கி வளர்த்து, இத்தாலிக்குக் கப்பலேற வேண்டி வந்ததும் வீரர் பட்டியலிலேயே சேர்த்துக்கொண்டார்கள். எடின்பரோ விலங்குக்காட்சிச் சாலையில் 1963-இல் இறந்தது.

கேள்வி: வென்ற படை ஏன் ஊர் திரும்பவில்லை?

இந்தக் கேள்விதான் என்னை உறங்கவிடாதது. 1944 மே 18 அன்று, ஜெர்மானியர்களிடமிருந்து மீட்ட இத்தாலியின் மான்டே கசினோ மடத்தின் இடிபாடுகளில் கொடியேற்றியது இவர்கள்தான். அந்த மலைச்சரிவில் சுமார் 900 பேரை இழந்திருந்தார்கள். அடுத்த பிப்ரவரியில் சோவியத்தின் யால்டா நகரில் ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் ஆகிய மூன்று பெரிய தலைவர்கள் கூடிக் கிழக்குப் போலந்தை சோவியத்துக்கே விட்டுக்கொடுத்தார்கள். பெரும்பாலான வீரர்களின் சொந்த ஊர் இருந்தது அங்கேதான். போர் முடியவில்லை, இத்தாலியில் இவர்கள் இன்னும் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள்! ஏப்ரலில் போலோனியா நகருக்குள் நுழைந்தபோது, தங்களுக்கு வீடில்லை என்று தெரிந்தே நுழைந்தார்கள்.

1946-இல் வார்சாவில் சோவியத் ஆதரவோடு அமைந்திருந்த அரசு ஆன்டர்ஸின் குடியுரிமையைப் பறித்தது. 1947-இல் பிரிட்டன் தனிச் சட்டம் போட்டு இவர்களைக் குடியமர்த்தியது. பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலைக்குப் போனார்கள். ஆன்டர்ஸ் 1970-இல் லண்டனில் இறந்தார். மான்டே கசினோவில் தன் வீரர்களின் நடுவே அடக்கமானார்.

கேள்வி: இந்தியாவுக்கும் வந்தார்களாமே?

வந்தவர்கள் குழந்தைகளும் குடும்பங்களும். அனாதையான நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு நவாநகர் மன்னர் ஜாம் சாகிப் திக்விஜய்சிங்ஜி, ஜாம்நகர் அருகே பாலாசடியில் முகாம் அமைத்தார். கோலாப்பூர் பக்கம் வலிவடேயில் சுமார் 5,000 பேர் தங்கினார்கள். பாலாசடி முகாம் இருந்த இடத்தில் இப்போது சைனிக் பள்ளி நடக்கிறது. வார்சாவில் அந்த மன்னரின் நினைவாக 'நல்ல மகாராஜா' பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது.