28 கேஜ் துப்பாக்கியில் குறுக்கே பறக்கும் கௌதாரி தப்புகிறது, 20-க்கு மாறலாமா? (கேஜ் என்பது குழல் துளையின் அளவு; எண் குறைந்தால் துளை பெரிது.)

மாற வேண்டாம். 28-லேயே இருங்கள், ஆனால் 26 அங்குலக் குழலுக்குப் பதில் 28 அல்லது 30 அங்குலம் எடுங்கள்.

நேரே எழும்பும் பறவை விழுகிறது, குறுக்கே போவது மட்டும் தப்புகிறது என்கிறீர்கள். அப்படியானால் குறை ரவையில் (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளில்) இல்லை. 28-இன் வழக்கமான தோட்டாவில் 21 கிராம் ரவை, 20-இல் 25 கிராம். முப்பது மீட்டருக்குள் கௌதாரிக்கு 21 தாராளம்.

உங்களுடையது அலுமினிய உடல், 2.4 கிலோ. இவ்வளவு லேசானது சட்டென்று ஓடும், சட்டென்று நின்றும் விடும். விசையை இழுக்கும் கணத்தில் குழல் நிற்கிறது, ரவை வாலுக்குப் பின்னால் போகிறது. நீளக் குழலால் முன்பாரம் கூடினால் வீச்சு தானாகத் தொடரும்.

வாங்கும் முன் ஒரு சோதனை: துப்பாக்கி காலி என்று இருமுறை பாருங்கள். போலித் தோட்டா போட்டு, சுவரும் கூரையும் சேரும் கோட்டில் குழல் நுனியை ஓட்டியபடியே விசையை இழுங்கள். 'டக்' சத்தத்துக்குப் பிறகும் நுனி ஒரு முழமாவது ஓட வேண்டும். அங்கேயே நின்றால் காரணம் இதுதான்.

ஈய ரவைக்குத் தடை உள்ள இடமென்றால் கதை வேறு. எஃகு ரவைக்கு 20-தான் மேல். அப்போதும் இரண்டு தோட்டாவையும் ஒரே பையில் போடாதீர்கள். 28 தோட்டா 20-இன் குழலுக்குள் வழுக்கிப் போய் அடைத்துக்கொள்ளும். அதன் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும்.